மாப்பிள்ளை கொடுத்த விலைக்கழிவு

போன வாரம் அஷ்ரப் ஹாஜியாரை ஒரு மெழுகுதிரிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு வந்தோம். மனிதர் இன்னும் அந்தக் கோபத்திலிருந்து எழும்பவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் இரவு விருந்து அது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் அந்த ஒழுங்கையில், கூரை நிறையச் சோலார் தகடு போட்ட ஒரே வீடு அவருடையது. சஹன் என்ற பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து, பிஸ்மி சொல்லிக் கை வைத்த நேரத்தில் கரண்ட் போனது. முன்வீட்டில் ஜெனரேட்டர் உறுமியது. பக்கத்து மாடிக் கட்டடத்தில் வெளிச்சம் வந்தது. சோலார் வீடு மட்டும் இருட்டில் கிடந்தது. பற்றரி இல்லாத சோலார், பகலில் மிஞ்சுகிற கரண்டையெல்லாம் ஊருக்கு அனுப்பிவிட்டு, இரவில் வீட்டுக்காரனுக்குக் கையை விரித்துவிடும் என்ற உண்மை அன்றைக்குத்தான் ஹாஜியாருக்கு உறைத்தது.

“ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்கிற நீங்க, எலும்பு எது எறச்சி எது எண்டு தடவிப் பாத்துத் திங்க வெச்சிட்டீங்களே” என்று அவருடைய கூட்டாளி ஸவாஹிர் சொன்னதும், விருந்தாளிகள் சிரித்த சிரிப்பும் இன்னும் அவர் காதை விட்டுப் போகவில்லை. பற்றரி வாங்காமல் இந்த வீட்டில் அடுத்த விருந்து இல்லை என்று அப்போதே சொல்லிவிட்டார்.

இன்றைக்கு நாம் பின்தொடர வேண்டியவன் அவருடைய மருமகன் நிலாம்.

நிலாம் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியில், கணக்குப் பகுதியில் நல்ல வேலை. ஹாஜியாரின் ஒரே மகள் ருஷ்தாவைக் கலியாணம் முடித்து, எங்கள் ஆட்களின் வழக்கப்படி பெண் வீட்டோடு வந்து தங்கி நாலு வருஷம் ஆகிறது.

இந்த நாலு வருஷத்தில் அவன் அந்த வீட்டில் ஒரு பல்ப் மாற்றியதில்லை. மாற்ற விட்டால்தானே. மாப்பிள்ளை என்றால் அங்கே கண்ணாடிப் பாத்திரம். மீன் ஆணத்தில் நடுத்துண்டு அவனுக்கு. மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் கதிரை அவனுக்கு. ஒருமுறை முச்சக்கர வண்டியிலிருந்து அரிசி மூட்டையை இறக்கப் போனான். எழுபதை எட்டிப்பார்க்கும் ஹாஜியார் ஓடி வந்து பறித்துக்கொண்டார். இன்னொரு முறை தன் சம்பளத்தில் ஒரு நல்ல கிரைண்டர் வாங்கி வந்தான். ஹாஜியாரின் மனைவி ருக்கியா மாமி வாயாரப் புகழ்ந்துவிட்டு, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார். மாப்பிள்ளை தந்த சாமானைப் பழசாக்கக் கூடாதாம். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மரியாதை இனிப்புத்தான். ஆனால் நாலு வருஷம் இனிப்பையே சாப்பிட்டால் யாருக்கும் கொஞ்சம் அச்சாறு கேட்கும். ஹாஜியார் ருஷ்தா மேல் எரிந்து விழுவதைப் பார்த்தால்கூட நிலாமுக்குப் பொறாமையாக இருந்தது. தன்னை யாரும் ஏசுவதில்லை, தன்னிடம் யாரும் ஒரு வேலை சொல்வதில்லை. இந்த வீட்டில் தானும் ஓர் ஆளாக ஆவது எப்போது என்பதுதான் அவனுடைய ஏக்கம். சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லாமல் வைத்திருந்தான்.

பற்றரிப் பேச்சு வந்ததும் அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது அதனால்தான். விருந்துக்கு மறுநாளே, செலவில் பாதியைத் தான் போடுவதாக மாமாவிடம் சொன்னான். ஹாஜியார் புன்சிரிப்போடு கேட்டுக்கொண்டார்.

“நல்ல மனசு மாப்புள்ள. ஆனா மாப்புள்ளேட சல்லியில எங்கட ஊட்டுல வெளக்கு எரிஞ்சா, ஆக்கள் என்னப் பத்தி என்ன செல்லுவாங்க? நீங்க விலையப் பாத்துத் தாங்க, அது போதும்.”

விலை பார்ப்பது நிலாமுக்கு விளையாட்டு. மூன்று இடங்களில் கேட்டான். ஒரு பெரிய கம்பனி தருவதாகச் சொன்ன விலைக்கழிவுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஆனால் அது வங்கிக் கடனோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வட்டி அந்த வீட்டு வாசற்படி ஏறாது, ஆகவே அந்தக் கழிவும் ஏறவில்லை. இன்னொன்று ஸவாஹிர் காட்டிவிட்ட வாகன உதிரிப்பாகக் கடை. கழிவு எதுவும் இல்லாமலே விலை மலிவு, உத்தரவாதம் மட்டும் கடைக்காரரின் வாய்ச்சொல். கடைசியாக இரத்மலானைக் கம்பனி. முழு விலை பதினொரு இலட்சம், பெருநாள் கால விலைக்கழிவு போகப் பத்து. கூரைக்கு இன்னும் நாலு தகடும் அதற்குள்ளேயே அடங்கும். சோலாருக்குச் செலவழிக்கிற சம்பளக்காரர்களுக்கு வருமான வரியில் சலுகை கிடைக்கும் என்று ஒபிஸில் விசாரித்து வைத்திருந்தான். பில் தன் பெயரில் இருந்தால் அதிலும் கொஞ்சம் திரும்பி வரும். பத்து வருஷ உத்தரவாதத்தையும் சேர்த்துப் பார்த்தால், கூடுதலாகத் தெரிந்த இரத்மலானை விலைதான் உண்மையில் மலிவு.

ஹாஜியார் கடையை விற்று ஓய்வெடுத்தவர். வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் அவருக்கு இல்லை. பில்லை மருமகன் பெயரில் போட அவர் இரண்டு நாள் யோசித்துச் சம்மதித்தார். பெயர் யாருடையதாகவும் இருக்கட்டும், சல்லி தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பது பேச்சு.

சிக்கல் அந்தச் சல்லியில்தான். வாப்பாவின் கையிருப்பு பத்து இலட்சத்தைத் தாங்காது என்று ருஷ்தா கணவனிடம் மெதுவாகச் சொன்னாள். அதை அவர் வெளியே சொல்லவும் மாட்டார். பேசாமல் போய் உதிரிப்பாகக் கடைப் பற்றரியை வாங்கி மாட்டிவிடுவார், அடுத்த விருந்துக்கும் மெழுகுதிரிதான்.

அப்போதுதான் நிலாம், புத்திசாலிகளால் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் ஒன்றைச் செய்தான். இரத்மலானைக் கம்பனியின் விற்பனையாளன் சுகிர்தனை ஒரு தேநீர்க் கடைக்கு அழைத்தான். ஐந்து இலட்சத்தைத் தான் தனியாகக் கட்டிவிடுவதாகவும், மாமாவிடம் விலை சொல்லும்போது அதை விசேட விலைக்கழிவு என்று சொல்லிவிடும்படியும் கேட்டான். சுகிர்தன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பொய் சொல்லிப் பழக்கமில்லை. நெடுநேரம் தயங்கினான். கம்பனிக்குக் காசு முழுதாக வருகிறது, மருமகன் மாமனாருக்குக் கொடுப்பதில் யாருக்கும் நட்டமில்லை என்று கடைசியில் சமாதானமானான்.

விஷயத்தைக் கேட்ட ருஷ்தா நெற்றியில் கை வைத்தாள்.

“வாப்பா முப்பத்தஞ்சு வருஷம் புறக்கோட்டையில சாரிக் கடை நடத்தின மனிசன். இவ்வளவு மலிவாக் கெடச்சா வாய மூடிக்கொண்டு ஈப்பாரா?”

நிலாம் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கணக்குப் படித்தவர்கள் பெண்சாதி சொல்வதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

*

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சுகிர்தன் வருவதாக ஏற்பாடு. நிலாம் அரைநாள் லீவு போட்டு, மாமாவோடு பள்ளிக்குப் போனான். தொழுகை முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தால் மாமாவைக் காணவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தனியாக வீட்டுக்கு வந்தான்.

சுகிர்தன் முந்திக்கொண்டு வந்து, வீட்டின் பக்கவாட்டு நடையில் அளந்துகொண்டு நின்றான். பற்றரிக்கு வெயிலும் மழையும் படாத, காற்று வருகிற சுவர் வேண்டும். குசினிச் சுவர் காஸ் சிலிண்டருக்குப் பக்கம், அது ஆகாது. முன்சுவரில் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து அப்பும். மிச்சம் இருந்தது ஒரே ஒரு சுவர். அதை அடைத்துக்கொண்டு ஹாஜியாரின் குருவிக் கூடு நின்றது. ஆளுயரத்தில், அவர் நின்று செய்வித்த மரக்கூடு. உள்ளே பச்சையும் மஞ்சளுமாக ஒரு கூட்டம் லவ் பேர்ட்ஸ். அதை அரை அடி நகர்த்தக் கேட்டதற்கே போன வாரம் மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

“இந்தச் சுவர் ஒண்டுதான் அண்ணை சரிவரும். கூட்டை மாத்தேலாதோ?” என்று கேட்டான் சுகிர்தன்.

அதை மட்டும் இன்றைக்குக் கேட்டுவிடாதே என்று நிலாம் அவனைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினான். அந்த நேரம் கேற் திறக்கிற சத்தம் கேட்டது. ஹாஜியார் வந்தார். தனியாக வரவில்லை. அவருக்குப் பின்னால் ஸவாஹிரும், பள்ளியில் முதல் வரிசையில் தொழுகிற இன்னும் இரண்டு பெரியவர்களும் வந்தார்கள்.  ருஷ்தா ஜன்னலுக்குள்ளிருந்து, நான் அப்போதே சொன்னேனே என்கிற பார்வை ஒன்றை அனுப்பினாள்.

ஹாஜியார் விருந்தாளிகளை ஹோலில் உட்கார வைத்து, அவர்களுக்கும் தனக்கும் சர்பத் கொண்டுவரச் சொன்னார். அன்றைக்கு இருட்டில் எலும்பு தடவிய அதே ஆட்கள் முன்னால் இன்றைக்குத் தலையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

“செல்லுங்க தம்பி, இவங்களும் கேக்கட்டும். எண்ட கையால எவ்வளவு, கழிவு எவ்வளவு?”

சுகிர்தன் சொன்னான். முழு விலை, பெருநாள் கழிவு, விசேட கழிவு, ஹாஜியார் கட்ட வேண்டியது ஐந்து இலட்சம். கேட்ட பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிலாம் மூச்சை விட்டான். இதோடு முடிந்தது என்று நினைத்தான்.

முடியவில்லை. புறக்கோட்டையில் சொன்ன விலைக்குச் சாமான் வாங்குகிறவனை யாரும் மதிப்பதில்லை. ஹாஜியார் கதிரையில் சாய்ந்து, காலுக்கு மேல் கால் போட்டு, இன்னும் ஐம்பதாயிரம் குறைக்கச் சொன்னார். சுகிர்தன் திடுக்கிட்டு நிலாமைப் பார்த்தான். நிலாம் வேறு வழி தெரியாமல் காதைச் சொறிந்தான். சுகிர்தன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, சரி ஹாஜியார் என்றான்.

சம்மதம்தான். அந்த ஐம்பதாயிரமும் யாருடைய பையிலிருந்து போகிறது என்பது அவர்கள் இருவருக்குத்தான் தெரியும்.

அடுத்ததாக, தான் ஒரே தடவையில் ரொக்கமாகத் தருவதால் இருபதாயிரம். பள்ளிக்காரர்கள் முன்னால் பேசுகிறபடியால் இன்னொரு இருபதாயிரம். கடைசியில், விலை ஒரு வட்டமான தொகையில் நிற்க வேண்டும் என்பதற்காகப் பத்தாயிரம். நிலாமின் காது சிவந்துவிட்டது. ஐந்து இலட்சம் நாலு இலட்சமாக இறங்கி நின்றபோது, ஹாஜியார் கையில் இருந்த சர்பத்தை ஒரே இழுப்பில் குடித்து முடித்தார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷம் பெருநாளுக்குப் பிறகு யாரும் காணாதது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நிலாமுக்கு, போன காசு போனதாகவே தெரியவில்லை. இன்னும் ஐம்பதாயிரம் கேட்டிருந்தாலும் காதைச் சொறிந்திருப்பான்.

“அப்ப எனக்கும் இதே விலைக்கு ஒண்டு போடுங்க தம்பி” என்றார் ஸவாஹிர்.

மற்ற இரண்டு பேரும் தங்களுக்கும் ஒவ்வொன்று என்றார்கள்.

சுகிர்தனுக்கு வியர்த்தது. இந்தக் கழிவு இந்த வீட்டுக்கு மட்டும்தான் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னான்.

“அப்பிடி என்ன விசேஷம் இந்த ஊட்டுல?” ஸவாஹிர் விடவில்லை.

பாவம் சுகிர்தன். என்ன சொல்வதென்று தெரியாமல் மறுபடியும் நிலாமைப் பார்த்தான். நிலாமும் பதற்றத்தில் பழக்கதோஷமாகக் காதைச் சொறிந்தான்.

ஹாஜியார் அதைப் பார்த்துவிட்டார். விலை இறங்கும்போது விற்கிறவனுடைய கண் எங்கே போகிறது என்பதை முப்பத்தைந்து வருஷம் பார்த்தவர் அவர். அது எப்போதும் காசுக்காரனைத் தேடித்தான் போகும்.

முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. எல்லாரையும் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு எழும்பி உள்ளே போனார். நிலாமும் பின்னால் போனான்.

*

சாப்பாட்டு மேசையில் ருக்கியா மாமி பகல் சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஹாஜியார் வந்து கதவை மெதுவாகச் சாத்தினார்.

“எவ்வளவு?” என்று கேட்டார்.

நிலாமுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. “அஞ்சு மாமா. இப்ப ஆறு.”

“நான் பேசிக் கொறச்ச அந்த ஒரு இலட்சமும்?”

“எண்ட கையாலதான்.”

ஹாஜியார் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். ஊர்ப் பெரியவர்களைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு இவ்வளவு நேரமும் சொந்த மாப்பிள்ளையின் பொக்கெட்டுக்குள் கையை விட்டு விலை பேசியிருக்கிறார். அந்த வெட்கம் கோபமாகி வந்தது. அந்தப் பையனை அனுப்பிவிடச் சொன்னார். பற்றரியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், மாப்பிள்ளையின் சல்லி இந்த வீட்டில் பாவிக்க ஏலாது என்று, வெளியே கேட்காத குரலில், ஆனால் மேசைக் கோப்பைகள் அதிரச் சொன்னார்.

நிலாம் கணக்குப் போட்டுப் பார்த்தான். காசு திரும்பி வரும். ஆனால் இனி இந்த வீட்டில் தனக்கு இன்னும் கூடுதலாக மரியாதை செய்வார்கள். நாளைக்கு மீன் ஆணத்தில் இரண்டு நடுத்துண்டு வைப்பார்கள். அதை நினைக்கத்தான் அவனுக்கு அழுகை வந்தது.

ருக்கியா மாமி அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார். வீட்டு விஷயங்களில் அவர் குறுக்கே பேசுகிறவர் அல்ல.

“இது ஆர்ட ஊடு?” என்று கணவரைக் கேட்டார்.

“இதென்ன கேள்வி.”

“செல்லுங்க. ஆர்ட ஊடு?”

“ஒங்கட ஊடு.”

“எண்ட வாப்பா கலியாணத்துக்கு எனக்குத் தந்த ஊடு. அப்ப நீங்க இந்த ஊட்டுக்கு ஆரு?”

 நாற்பது வருஷத்துக்கு முன்னால் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு, கூச்சத்தோடு அந்தக் கேற்றால் உள்ளே வந்த ஓர் இளந்தாரியை அந்த வீட்டில் எல்லாரும் மறந்துவிட்டார்கள். அவரும் மறந்துவிட்டார்.

“மாப்புள்ள” என்று பதிலையும் ருக்கியா மாமியே சொன்னார். “கடைய வித்த சல்லியில எண்ட கூரைக்கு சோலார் போட்டது ஒரு மாப்புள்ள. நான் வாணாமெண்டு சென்னனா? கூரைக்கு ஒரு மாப்புள்ள போட்டா, கீழுக்கு மத்த மாப்புள்ள போடட்டும். எனக்கு ரெண்டு பேர்ட சல்லியும் வேணும்.”

பிறகு நிலாமின் பக்கம் திரும்பி, எந்தப் பீடிகையும் இல்லாமல் சொன்னார். “அந்த கிரைண்டரையும் எறக்கித் தாங்க. எண்ட பழசு நேத்தோட பழுதாப் பெய்த்து.”

 ஹாஜியார் மனைவியைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். மருமகனுடைய சிவந்த காதைப் பார்த்தார். முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு சிரிப்பு வெளியே வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தக் கடைசிப் பத்தாயிரத்துக்கு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டினேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கதவுக்குப் பின்னால் ஒட்டுக் கேட்டுக்கொண்டு நின்ற ருஷ்தாவும் சேர்ந்து சிரித்துவிட்டாள்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது, உள்ளே இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார். வெளியே மூன்று பேர் பற்றரி வாங்க உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வீட்டோடு நாலு. நாலு வீட்டுக்கு ஒன்றாக எடுத்தால் எந்தக் கம்பனி குறைக்காது?

ஹோலுக்குப் போய் ஸவாஹிருக்கு முன்னால் நின்று, ஒழுங்கை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“என்ன விசேஷம் எண்டு கேட்டீங்களே ஸவாஹிர் நானா. அது எண்ட மாப்புள்ள தந்த கழிவு. ஒங்களுக்கும் வேணுமெண்டா ஒங்கட மாப்புள்ளேட்டக் கேளுங்க.”

ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று அவர் நாலு வருஷமாகப் பயந்தாரே, ஆட்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பெரியவர் தன் மருமகனை நினைத்துப் பெருமூச்சு விட்டார். ஸவாஹிர் நிலாமை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று மட்டும் சொன்னார். அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. ஹாஜியாருக்கு அது சர்பத்தை விட இனித்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உண்மையான பேரம். நிலாமைக் காதைச் சொறியாமல் அந்தப் பக்கமாகப் போய் உட்காரச் சொன்னார். சுகிர்தனுடைய போனை வாங்கி இரத்மலானையில் இருக்கும் முகாமையாளரிடம் தமிழில் தொடங்கி, சிங்களத்தில் வாதாடி, ஆங்கிலத்தில் கோபித்து, மறுபடியும் சிங்களத்தில் கொஞ்சினார். போனைத் திருப்பிக் கொடுத்தபோது ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இலட்சம் குறைந்திருந்தது. இந்த முறை கம்பனியின் காசு. நிலாமின் ஆறு பழையபடி ஐந்தானது. விற்பனைக்கு வந்து ஒன்றுக்குப் பதிலாக நாலு விற்ற சுகிர்தன், தனக்கும் ஒரு சர்பத் கிடைக்குமோ என்று முதல்முறையாக வாய் திறந்து கேட்டான்.

*

பெரியவர்கள் போன பிறகு மூன்று பேரும் பக்கவாட்டு நடைக்கு வந்தார்கள். சுகிர்தன் சுவரைப் பார்த்தான், கூட்டைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. ஹாஜியாரும் பார்த்தார். சுவரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டினார். கூட்டின் ஒரு பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

நிலாம் வழக்கம்போல் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

“சும்மா பாத்துக்கொண்டு நிக்காம மத்தப் பக்கத்தப் புடி மகன்.”

யாரைச் சொல்கிறார் என்று நிலாம் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. ஓடிப் போய் மற்றப் பக்கத்தைப் பிடித்தான். கூடு அவன் நினைத்ததைவிடக் கனம். தூக்கியதும் ஒரு பக்கம் சரிந்தது, குருவிகள் எல்லாம் ஒரே மூலையில் போய் அடைந்து கத்தின. தினைக் கிண்ணம் கவிழ்ந்து கொட்டியது.

“கோணலாத் தூக்காத. குருவிக்குத் தல சுத்தும். கண் எங்க ஈக்கி ஒனக்கு?”

நாலு வருஷம் காத்திருந்த ஏச்சு. நிலாமின் விரல் முட்டி சுவரில் உரசி எரிந்தது. அந்த எரிச்சல்கூட அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஜன்னலில் நின்ற ருஷ்தாவின் கண் கலங்கியிருந்தது. அவளுக்கு மட்டும் அவனுடைய ஏக்கம் தெரிந்திருந்ததோ என்னவோ.

கூட்டை மறுபக்கத்தில் வைத்து நிமிர்ந்ததும், ஹாஜியார் கொட்டிக் கிடந்த தினையைக் காட்டினார்.

“கடைக்குப் பெய்த்து தின வாங்கிக்கொண்டு வா. வரக்கொள்ள பாணும் ஒண்டு.”

காசு கொடுக்கவில்லை. மறந்து கொடுக்காமல் விடவில்லை, கொடுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. நிலாம் அதைக் கவனித்தான். செருப்பைக்கூட மாற்றாமல் காலி வீதியைப் பார்த்து நடந்தான். அன்றைக்கு அந்த ஒழுங்கையில் அவனளவு சந்தோஷமான மனிதன் வேறு யாரும் இல்லை.

தினையும், பேக்கரியில் பாணும் வாங்கிக்கொண்டு திரும்புகிற வழியில் போன் அடித்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து உம்மா பஸ்லா.

அங்கே உம்மாவின் வீட்டில் நிலாமின் தங்கை அஸ்காவும், மாப்பிள்ளையாக வந்து தங்கியிருக்கும் அவள் கணவன் முர்ஷிதும் இருக்கிறார்கள். வாப்பா மௌத்தான நாளிலிருந்து, தூர இருந்தாலும் அந்த வீட்டுக்குப் பொறுப்பு நிலாம்தான். ருக்கியா மாமி சற்று முன்னால் போன் எடுத்து, மருமகனின் பெருமையை உம்மாவிடம் அளந்து தள்ளியிருக்கிறார். பக்கத்தில் இருந்து கேட்ட முர்ஷித், தானும் உம்மாவின் வீட்டுக்கு ஒரு பற்றரி போடப் போவதாக அந்த இடத்திலேயே சொல்லிவிட்டானாம். அதுதான் உம்மாவின் முறைப்பாடு.

“ஒண்ட வாப்பா ஈந்தா இது நடக்குமா மகன்? மாப்புள்ளேட்ட வாங்கிற நெலமைக்கு நாங்க வந்துட்டமா? நீதான் அவருக்கு எடுத்துச் செல்லணும்.”

நிலாம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“அதெப்பிடி உம்மா? மாப்புள்ளேட சல்லியில எங்கட ஊட்டுல வெளக்கு எரிஞ்சா, ஆக்கள் என்னப் பத்தி என்ன செல்லுவாங்க?”

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அவனுக்கு விளங்கியது. ஒரு கையில் பாணும் தினையுமாக, நடைபாதை நடுவில் அப்படியே நின்றுவிட்டான்.

“அதத்தான் நானும் செல்றன். இந்தா, அவர் பக்கத்திலதான் நிக்கிறார். நீயே செல்லு” என்று உம்மா போனைக் கைமாற்றினார்.

“மச்சான்” என்றது மறுமுனை. ஆசையும் கூச்சமுமாக, இடம் கேட்டு வாசலில் நிற்கிறவனுடைய குரல். நாலு வருஷமாக அது நிலாமின் குரலாகத்தான் இருந்தது.